மிஞ்சிய புளிமாவில் ஒரு ரொட்டி

தோசைக்குக் கரைத்த மா மிஞ்சிவிட்டால் என் செய்வது என்று யாழ்ப்பாணத்து இல்லத்தரசியர் எவரும் எவரிடமும் ஆலோசனை கேட்டதாக நாம் அறியோம். முதல் நாள் தோசை. மறுநாள் சற்றுப் புளிப்பேறிய தோசை. மூன்றாம் நாள் வெங்காயமும் செத்தல் மிளகாயும் கருவேப்பிலையும் நிறையத் தாளித்துக் கொட்டிப் புளிப்பை மறைத்த தடித்த தோசை. அதற்கும் அப்பால் சட்டியின் அடியில் ஓர் அகப்பை அளவு எஞ்சிக் கிடக்குமாயின், அதனுடன் கோதுமை மாவைச் சேர்த்துப் பிசைந்து ரொட்டியாகத் தட்டிவிடுவர். இவ்வரிசையைத் தாயின் கையைப் பார்த்து மகளின் கை கற்றுக்கொண்டது. சமையல் நூல் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் எம் பிள்ளைகள் இதே கேள்வியை வேறொரு மாவைக் குறித்துக் கேட்கின்றனர். சவர்டோ என்று அங்கு வழங்கும் புளித்த மாவே அது. கோதுமை மாவையும் நீரையும் சம எடையில் கலந்து ஒரு போத்தலில் வைத்து, நாள்தோறும் அதில் ஒரு பங்கை அகற்றிப் புது மாவும் புது நீரும் இட்டு வந்தால், ஓரிரு வாரங்களில் அது தானே பொங்கத் தொடங்கும். பாணைப் பொங்கவைக்க அதுவே போதும். கடையில் விற்கும் மதுவம், அதாவது ஈஸ்ட், வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றுக்கு அஞ்சி உலகம் கதவடைத்துக் கிடந்தபோது, பல நாடுகளில் கடைத்தட்டுகளில் ஈஸ்ட் தீர்ந்து போயிற்று. அதுவரை பாண் சுட்டறியாத பலர் அந்நாளில் இத்தகைய போத்தல் ஒன்றை வளர்க்கலாயினர். ரொறன்ரோ நகரில் வாழும் எம் பெறாமகளும் அவர்களுள் ஒருத்தி.

நல்லூர்த் திருவிழாவுக்கென ஊருக்கு வந்தவள், பெட்டியில் சொக்கிளேற்றுகளோடு, சருகுபோல் உலர்த்திய புளிமாவையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கோண்டாவிலில் உள்ள எம் வீட்டுக் குசினியில் அதனை நீரில் கரைத்து, மா இட்டு, நான்கு நாளில் உயிர்ப்பித்தும்விட்டாள். ரொறன்ரோவின் குளிரில் ஒரு பகல் முழுதும் எடுத்துப் பொங்கும் மா, எம் ஊர் ஆவணி வெயிலில் நான்கைந்து மணி நேரத்தில் போத்தலின் வாயை எட்டியது கண்டு அவளுக்குப் பெருமகிழ்ச்சி. ஐந்தாம் நாட் காலை, போத்தலில் இருந்ததிற் பாதிக்கு மேற்பட்டதை எடுத்துக்கொண்டு பின்வாசற் பக்கமாகச் சென்றாள். எண்பது வயதைக் கடந்த எம் அன்னையார் அங்கே திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை, அது பழுதாப் போச்சோ?”

“இல்லை அம்மம்மா, நல்லாத்தான் இருக்கு. பாதியை எறிஞ்சாத்தான் மிச்சம் ஒழுங்கா வளரும்.”

“நல்ல மாவை எறிஞ்சு மாவை வளர்க்கிறதோ?”

அன்னையாரின் குரலில் சினம் இருக்கவில்லை. சினமாக இருந்திருப்பின் பேத்தி சிரித்துச் சமாளித்திருப்பாள். கையிலிருந்த தேங்காய்ப் பாதியை அப்படியே வைத்துவிட்டு, அவர் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெறாமகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவள் கூறியதில் கணக்குப் பிழை ஏதுமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐம்பது கிராம் புளிமாவை எடுத்து, வழக்கப்படி ஐம்பது கிராம் மாவும் ஐம்பது கிராம் நீரும் சேர்த்தால் அது 150 கிராம் ஆகும். ஒன்றையும் எறியாது மறுநாளும் அதே விகிதத்தில் உணவிட்டால் 450 கிராம்; மூன்றாம் நாள் 1350; நான்காம் நாள் நான்கு கிலோவைத் தாண்டும்; ஐந்தாம் நாள் பன்னிரண்டு கிலோவுக்கும் மேல். வீட்டிலுள்ள கிடாரமும் போதாது. உணவைக் குறைத்தாலோ மா பசித்துப் புளித்து நீர்த்துப் போகும். ஆகவேதான் ஒரு பங்கை அகற்றுமாறு மேனாட்டு நூல்கள் விதிக்கின்றன. அவ்வாறு அகற்றுவதற்கு அவர்கள் இட்ட பெயரே ‘எறிமா’ என்று பொருள்படும். பெயரிலேயே அதன் விதி எழுதப்பட்டுவிட்டது. மனம் பொறாத சிக்கனக்காரர் அங்கும் உளர். எறிமாவைக் கொண்டு தட்டை ரொட்டி சுடுவது, மெக்சிக்கோ நாட்டாரின் தோர்த்தியாவைப் போல் மெல்லிதாய்ச் சுடுவது முதலாய வழிகளை அவர்கள் கண்டு பரப்பியிருக்கின்றனர்.

எம் அன்னையார் இக்கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். பின்னர், “அப்ப ஏன் உவ்வளவு வச்சிருக்கிறாய்? ஒரு கரண்டி காணுமே” என்றார்.

இதுவும் பிழையற்ற கணக்கே. இருபது கிராம் புளிமாவை மட்டும் வைத்திருந்து, சுடுவதற்கு முந்திய நாள் வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம் என்று தேர்ந்த வெதுப்புநர் பலரும் இன்று கூறுகின்றனர். மார்கழிக் குளிரில் தோசைமா பொங்க மறுக்கும்போது பழைய மாவில் ஓர் அகப்பை விட்டுக் கரைக்கும் எம் பெண்களும், முன்னைய மாவின் ஈரம் ஒட்டிய சட்டியைக் கழுவாமலே புது மாவை ஊற்றும் பாட்டிமாரும், இதனை எவரும் சொல்லாமலே செய்து வந்தவர்கள். இரு கணக்குகளும் சரியாயிருக்க, ஒன்று மட்டும் எம் நெஞ்சை உறுத்தக் காரணம் வேறு. அதனைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

கோதுமை எம் மண்ணின் பயிரன்று. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவற்றுள் பாண் என்ற சொல்லும் ஒன்று. அது வேகும் போறணையும், அதனை உண்ணும் வீட்டின் குசினியும் அவர்கள் மொழியிலிருந்து வந்தனவே. ஆயினும் கோதுமை மா வீட்டுக்கு வீடு குடிபுகுந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேதான். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போருக்குப் பின்னர் அமெரிக்க உதவியாகவும் மூட்டை மூட்டையாக வந்தமையால் ‘அமெரிக்கன் மா’ என்ற பெயர் எம் முதியோர் வாயில் இன்றும் நிற்கின்றது.

வந்த மாவை எம் பெண்கள் வந்தபடியே ஏற்கவில்லை. அதனைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்து, சூடாறுமுன் உதிர்த்து அரித்து, ‘அவித்த மா’ ஆக்கினர். பச்சைக் கோதுமை மாவில் நீர் பட்டவுடன் பசையம் என்னும் புரதம் இழுபட்டுச் சவ்வாகும்; பாண் பொங்குவதற்கு அச்சவ்வே வேண்டும். பிட்டுக்கும் இடியப்பத்துக்குமோ அது பகை. ஆவியின் சூடு அப்பசையத்தின் இழுவையைக் கெடுத்துவிடுவதால், அந்நிய மா அரிசி மாவைப்போல் உதிர்ந்து நீத்துப்பெட்டிக்குள் அடங்கிற்று. விஞ்ஞானக் கூடம் எதுவும் கற்பிக்காத இந்த உபாயத்தை யார் முதலிற் கண்டாரோ, அந்தப் பெண்மணிக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும் என்பது எம் எண்ணம்.

இறக்குமதியில் வாழும் உணவுக்கு இறக்குமதியின் ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் சங்கக்கடை வாசலில் மாவுக்கும் பாணுக்குமாக விடியுமுன் வரிசை நின்றதை எம் வயதினர் சிறுவராயிருந்து கண்டிருக்கின்றனர். மரவள்ளியும் குரக்கனும் ஒடியலும் அந்நாளில் மீண்டும் மதிப்புப் பெற்றன. 1990 ஆனி மாதத்தில் போர் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப் போயிற்று. மண்ணெண்ணெயைத் துளித் துளியாக எண்ணி, ஜாம் போத்தலில் திரியிட்டுப் பிள்ளைகள் படித்தனர். குளிர்ப்பெட்டி என்பது சாமான் வைக்கும் அலுமாரியாயிற்று. மாலையில் அரைத்த மா காலையில் புளித்தது. காலையில் மிஞ்சியது மாலையில் கடும் புளிப்பாயிற்று. அடிச்சட்டி மாவை ரொட்டியாக்கும் வழக்கம் எம் வீட்டில் விடாது நடந்தது அவ்வாண்டுகளிலேதான்.

1995 ஐப்பசித் திங்கள் 30ஆம் நாள் மாலை, வலிகாமம் முழுவதும் அன்றிரவே தென்மராட்சிக்கு வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் ஒலிபெருக்கியில் வந்தபோது, எம் அன்னையார் மறுநாட் காலைக்கென உழுந்து அரைத்துக் கரைத்து முடித்திருந்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்று நாம் தடுமாறிக்கொண்டிருக்கையில், காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பையில் இட்டவர், அடுத்த கணமே தோசைமாவை மூடியுள்ள எவர்சில்வர் வாளியில் ஊற்றிக்கொண்டார். செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் இலட்சக் கணக்கான மக்கள் மழையில் நெருக்குண்டு, நின்று நின்று நகர்ந்த அந்த இரவில், சைக்கிளின் கைபிடியில் தொங்கிய அவ்வாளியும் எம்முடன் வந்தது. நள்ளிரவுக்குப் பின் மா பொங்கி மூடியைத் தூக்கிற்று. அன்னையார் ஒரு முறை மூடியை அமுக்கினார். சற்று நேரத்தில் அது மீண்டும் எழுந்தது. அவ்வேளையில் அருகே நடந்து வந்த முன்பின் அறியாத ஒரு முதியவர் அதனைக் கண்டு சிரித்தார். அன்றிரவு நாம் கேட்ட ஒரே சிரிப்பு அது.

யூதர் எகிப்தினின்று புறப்பட்ட கதையில், மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமையால் புளியாத தட்டையப்பத்தை உண்டனர் என்று கூறப்படுகின்றது. அதன் நினைவாக அவர்கள் ஆண்டுதோறும் புளிப்பை வீட்டினின்று விலக்குகின்றனர். எமக்கு நேர்ந்தது அதற்கு எதிர்மாறு. எம் மா நடையிலேயே புளித்தது.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் விடிந்தது. தோசைக்கல் வீட்டிலே கிடந்தது. அலைபட்ட மா தோசைக்கு வேண்டிய நொய்மையை இழந்து வாளியின் அடியில் படிந்திருந்தது. அருகில் ஒரு கடையில் இரண்டு கிலோ கோதுமை மா கிடைத்தது. அன்னையார் அதனை வாளி மாவுடன் சேர்த்துப் பிசைந்து, வாழையிலைத் துண்டில் வைத்துக் கையால் மெல்லிதாகத் தட்டி, உடைந்த மண்சட்டியொன்றின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து அடுப்பேற்றி, அதன்மேல் எண்ணெய் இன்றியே சுட்டெடுத்தார். எம் குடும்பத்தார் ஐவரும், பக்கத்தில் ஒதுங்கியிருந்த இரு குடும்பத்தாரும் பச்சைமிளகாயும் உப்பும் தொட்டு உண்டோம். சுடுமுன் அவர் அந்த மாவிலிருந்து ஒரு கைப்பிடியைக் கிள்ளி ஒரு பால்மாப் பேணியில் இட்டு வைத்தார். மறுநாள் அதிலிருந்து அடுத்த மா. அதிலிருந்து மீண்டும் ஒரு கைப்பிடி. 1996 சித்திரையில் நாம் கோண்டாவிலுக்குத் திரும்பும்வரை ஏறக்குறைய ஆறு மாதம் அந்தப் பேணி வெறுமையாகவில்லை. பேணியிலிருந்து ஒரு கரண்டிகூட நிலத்திற் சிந்தவில்லை என்றும் சொல்லலாம்.

பெறாமகள் அப்போது பிறந்திருக்கவில்லை. அவளுடைய தாயார், அதாவது எம் தமக்கையார், அதற்கு முன்னரே கனடா சென்றுவிட்டார். ஆகவே பேணியின் கதை அவ்வீட்டில் எவரும் சொல்லாத கதை. அன்று வாசற்படியில் வைத்து அன்னையார் அதனைச் சொன்னார். நீளமாகவுமன்று, ஐந்தாறு வசனங்களில். அவள் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “அப்ப ரொட்டி சுடுவம், அம்மம்மா. நான் அங்க சுடுற மாதிரி” என்றாள்.

அவள் சுட்ட முறையைக் கூறுமுன், இந்தப் புளிப்பு என்பது யாது என்று மாணவர்களுக்காகச் சிறிது சொல்லல் நன்று. மாவில் இயல்பாகவே தங்கியிருக்கும் இருவகை நுண்ணுயிர்களின் கூட்டுத் தொழில் அது. காட்டு மதுவங்கள் மாவின் வெல்லத்தை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிட, மா பொங்குகின்றது. இலற்றிக்கமில பற்றீரியங்கள் அமிலத்தை ஆக்க, மா புளிக்கின்றது. அந்த அமிலமே பழுதாக்கும் கிருமிகளை அண்டவிடாமற் காக்கின்றது. பால் புளிப்பதும் நுண்ணுயிரின் வேலையே என்பதைப் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1857இல் வெளியிட்டார். சன் பிரான்சிஸ்கோ நகரத்துப் புளிப்புப் பாண் பொற்சுரங்க வேட்டை நடந்த 1849ஆம் ஆண்டு முதலே பெயர்பெற்றது. அதன் புளிப்புக்குக் காரணமான பற்றீரியத்தை 1971இல் இனங்கண்ட ஆய்வாளர் அந்நகரின் பெயரையே அதற்குச் சூட்டினர். பின்னர் அதே உயிர் ஐரோப்பியப் புளிமாக்களிலும் காணப்பட்டது. எம் தோசைமாவில் முதன்மையாக வேலை செய்வது லியூக்கொனொஸ்ரொக் என்னும் வேறொரு பற்றீரியம். அது உழுந்தோடு வருவது; புளிக்கச் செய்வதோடு வாயுவையும் தானே வெளிவிடும். உழுந்தின் கொழகொழப்பு அவ்வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. எதியோப்பியரும் தெவ் என்னும் நுண்தானிய மாவைப் புளிக்கவைத்து, எம் தோசையைப் போன்ற இஞ்செரா சுடுகின்றனர். முன்னைய மாவின்மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை அடுத்த மாவுக்கு உறையாக விடுவது அவர்கள் வழக்கம்.

எம் நாட்டில் இன்னொரு புளிப்பும் உண்டு. அதனைப் பற்றிப் பேசுகையில் எம் சைவ வீடுகள் சற்றே குரலைத் தாழ்த்தும். அப்பத்துக்கு இடும் கள்ளே அது. பனம்பாளையிலிருந்து வடியும் சாறு, முட்டியில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இனிய கருப்பநீராகவே நிற்கும். தடவாவிடில் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகும். கள் அருந்துதலைக் கண்டித்த வீடுகளிலும் அப்பமாவுக்கென ஒரு சிறு போத்தல் கள் வாங்கப்பட்டது. அதனைக் கொண்டு வந்த சீவல் தொழிலாளி பின்வேலிக்கு அப்பால் நின்று, பாத்திரத்தில் கை படாமல் உயர்த்தி ஊற்றிவிட்டுப் போவதை நாம் சிறு வயதிற் கண்டிருக்கின்றோம். சமூகப் பாகுபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது நடந்தது. நாற்பது அடி உயரப் பனையில் விடியுமுன் ஏறி இறங்கும் ஒருவரின் உழைப்பு அப்பத்தினுள்ளே போகலாம். அவர் குசினிக்குள் வரலாகாது. இதனை வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கொள்வதை நாம் ஏற்கோம். கோவாவில் போர்த்துக்கேயர் பாண் சுடத் தொடங்கியபோது தென்னங்கள்ளையே புளிப்பாக இட்டனர் என்பதையும், அந்தப் பாண் அங்கு வீட்டுக்கு வீடு பெருமையோடு உண்ணப்பட்டதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இனி ரொட்டி. மிஞ்சிய புளிமா ஒரு கோப்பை, பச்சைக் கோதுமை மா இரண்டு கோப்பை, உப்பு முக்காற் தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. மெக்சிக்கோவில் பன்றிக் கொழுப்பு இடுவர். எம் வீட்டில் அதன் பேச்சே எழவில்லை. மாவில் உப்பையும் எண்ணெயையும் முதலில் விரல்நுனியால் உதிர்த்துக் கலந்து, பின்னர் புளிமாவை விட்டு, வெதுவெதுப்பான நீரை ஏறக்குறைய மூன்றிலொரு கோப்பை அளவில் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். புளிமா நீர்த்திருப்பின் நீர் குறையும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டு விடுக. இந்த ஓய்வு இன்றியமையாதது. பசையம் தளராவிடில் உருட்டிய வட்டம் மீண்டும் சுருங்கும். பழைய புளிமாவின் நன்மை இங்கேதான் தெரியும்: அதன் அமிலமும் நொதியங்களும் பசையத்தை இளக்கி வைத்திருப்பதால், புது மாவிலும் பார்க்க இது எளிதில் விரியும். அவித்த மா இதற்கு உதவாது. அதில் இழுவை இல்லாமையால் வட்டம் விண்டுவிடும்.

பன்னிரண்டு உருண்டையாக்கி, மாத் தூவி, கடதாசி போல மெல்லிதாக உருட்டிக்கொள்க. உருளை இல்லாதார் நேரான போத்தலைப் பயன்படுத்தலாம். தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் தடவாமல், ஒரு பக்கம் முக்கால் நிமிடம், மறுபக்கம் அவ்வளவே. ஆங்காங்கே கொப்புளித்துக் கபிலப் பொட்டு விழுந்தால் பதம். சூட்டோடு எடுத்துச் சுத்தமான துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடவேண்டும்; அந்த ஆவியில்தான் ரொட்டி மடியக்கூடிய மென்மையைப் பெறும். மூடாது தட்டில் பரப்புவோர்க்கு அப்பளமே கிடைக்கும்.

உழுந்துத் தோசைமாவின் மிச்சத்திலும் இவ்வாறே செய்யலாம். அதில் நீர் கூடுதலாதலால் பச்சை மாவை மூன்று கோப்பை வரை இட நேரும். மஞ்சளும் தாளிதமும் முன்னரே கலந்த மாவாயின் உப்பைக் குறைக்க வேண்டும். புளிமாவின் மேல் சாம்பல் நிற நீர் நின்றால் அஞ்சற்க. பசித்திருக்கிறது என்பதே பொருள். இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சட் கீற்றோ, பஞ்சு போன்ற பூஞ்சணமோ கண்டால் மட்டும் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். எம் அன்னையாரும் இதற்கு உடன்படுவார்.

தோர்த்தியா என்ற பெயர் ஸ்பானியர் இட்டது. சிறிய அப்பம் என்பது அதன் பொருள். அதன் தாய்வடிவம் சோளத்தில் ஆவது. மெக்சிக்கோப் பழங்குடியினர் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து ஊறவைத்துத் தோலகற்றி, அம்மி போன்ற கல்லில் அரைத்து, வட்ட மண்ஓட்டில் சுட்டனர். சுண்ணாம்பு சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடலுக்கு எட்டச் செய்கின்றது. சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுச் சென்ற ஐரோப்பிய ஏழைகள் பெலகரா என்னும் தோல்நோயால் வருந்தினர். எம் சுண்ணாம்பு பனஞ்சாற்றைப் புளியாமற் காக்கின்றது; அவர் சுண்ணாம்பு சோளத்தை உணவாக்குகின்றது. கோதுமைத் தோர்த்தியா, ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டில் கோதுமையைக் கொண்டு சென்ற பின் அந்நாட்டின் வடபகுதியில் வழங்கலாயிற்று. அங்கும் கோதுமை அந்நியப் பயிரே. எம் செத்தல் மிளகாயும் அந்தத் திசையிலிருந்து கடல் கடந்து வந்ததுதான் என்பதை எண்ணும்போது, சம்பலோடு தோர்த்தியாவை உண்பதில் முறைகேடு ஒன்றுமில்லை.

மண்ஓடு என்று பெறாமகள் விளக்கியபோது அன்னையார் தலையசைத்தார். அவர் அதில் சுட்டவர்.

முதல் ரொட்டியை அவருக்கே கொடுத்தாள். அவர் அதனை ஒளியில் பிடித்துப் பார்த்து, கிழித்து, மணந்து, கட்டைச் சம்பலில் தொட்டு வாயிலிட்டார். “ரொட்டிதான். தேங்காய்ப்பூ இல்லாத ரொட்டி” என்பது அவர் தீர்ப்பு. இரண்டாவதைக் கேட்டு வாங்கியதால் அது பாராட்டு என்று கொண்டோம். அடுத்த முறை பெறாமகள் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ சேர்த்துப் பார்த்தாள். சுவை மிகுந்தது, மெல்லிதாக உருட்ட முடியவில்லை. இருவரும் தத்தம் முறையே சிறந்தது என்று இன்றும் தொலைபேசியில் வாதாடுகின்றனர்.

2022இல் டொலர் இல்லாமல் நாடு தள்ளாடியபோது பாணின் விலை ஏறிய ஏற்றத்தை வாசகர் மறந்திரார். இறாத்தற் பாண் என்று இன்றும் நாம் அழைக்கும் 450 கிராம் பாணைப் பாதியாக வெட்டி வாங்கிச் சென்றோரைக் கண்டோம். அத்தகைய நாள் மீண்டும் வராது என்று எவராலும் கூற இயலாது. பெறாமகள் திரும்பிச் செல்லுமுன் விட்டுச் சென்ற புளிமா எம் குளிர்ப்பெட்டியில், இரண்டு மேசைக்கரண்டி அளவில், ஒரு பால்மாப் பேணியில் இருக்கின்றது. போத்தலிலிருந்து அதற்கு மாற்றியவர் அன்னையார். வெள்ளிக்கிழமைதோறும் வெளியே எடுத்து ஒரு கரண்டி மாவும் ஒரு கரண்டி நீரும் இடுகின்றோம். ஞாயிறு காலையில் ரொட்டி.

மறுநாளுக்கு மிஞ்சும் ரொட்டி விறைத்துப் போகும். அதனைச் சிறு கீலங்களாக நறுக்கி, வெங்காயமும் கறிமிளகாயும் வதக்கிய தாச்சியில் இட்டு, முதல் நாட் குழம்பைச் சிறிது தெளித்துக் கொத்திப் புரட்டினால் இரவுச் சாப்பாடு ஆயிற்று. அதிலும் மிஞ்சுமாயின் கோழிக்குப் போடலாம். எம் வீட்டுக் கோழிகளுக்கு இதுவரை அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.